அறுபது மடங்கு பக்கத்தில்

தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த செருப்புக்கடையின் பெயர்ப்பலகையில், முதல் எழுத்தின் வயிற்றில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. ஹெர்மினியா காமிராவின் பார்வைத் துளையில் இடது கண்ணை ஒட்ட வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஈயைப் பார்த்தாள். நேராகப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் ஈ இருக்கும் இடத்தில் சாம்பல் அப்பிய மாதிரி ஒரு பொட்டுதான் தெரியும். அதற்குக் கொஞ்சம் மேலே, பார்க்காதது போலப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் கண் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. ஈ காலைத் தேய்த்தது. அடியில் சிவப்புப் பெயிண்ட் உரிந்து பழைய பச்சை தெரிந்தது. கண் நனைந்ததைக் கடைக்காரன் பார்த்துவிடுவானே என்று காமிராவை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"எவ்வளவு நேரம்டி அதையே பாப்ப?" என்றாள் நோர்மா. "செருப்பு வாங்கணும்னா நடந்து போயே பாக்கலாமே."

நோர்மா அவளுடன் பத்திரப் பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் அடுத்த மேஜையில் உட்கார்ந்தவள். இருவரும் காலையில் தங்கள் ஊர் போசாதாஸிலிருந்து ரயில் ஏறி, எல்லை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பராகுவே பக்கம் என்கார்னசியோனுக்கு வந்திருந்தார்கள். போசாதாஸ்காரர்கள் டயர், கம்பளி, தொலைக்காட்சிப் பெட்டி எது வாங்கினாலும் ஆற்றைத் தாண்டித்தான் வாங்குவார்கள். போசாதாஸில் அதே சாமானுக்கு இரண்டு பங்கு விலை.

கண்ணாடி மேஜைமேல் மூன்று காமிராக்கள் இருந்தன. கடைக்காரன் வால்தேமார் மூன்றையும் மாப்பிள்ளை வரிசை காட்டுவதுபோல் காட்டினான். முதலாவது சோப்புப் பெட்டி அளவு. முப்பது மடங்கு கிட்டே இழுக்கும், பார்வைத் துளை கிடையாது, பின்னால் இருக்கும் திரையில்தான் பார்க்கவேண்டும். மூன்றாவது ஒரு சிறிய பீரங்கி. அதில் நிலாவின் குழிகளை எண்ணலாம் என்றான். விலையைக் கேட்டதும் நோர்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நடுவில் இருந்ததுதான் ஹெர்மினியாவின் கையில் இருந்தது. அறுபது மடங்கு, துளையும் உண்டு. இரண்டு வருஷமாகக் கண்ணாடி ஜன்னலில் வெயில் காய்ந்து அதன் வார் வெளுத்திருந்தது, அதனால் விலையும் இறங்கியிருந்தது. இறங்கிய விலைக்கே, பல் செட்டுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் போய்விடும். பல் இன்னொரு வருஷம் பொறுக்கும் என்று அவள் வரும்போதே தீர்மானித்திருந்தாள்.

"முதலாளியம்மா, பொழுதுபோக்குக்குத்தானே, சின்னதையே எடுத்துக்குங்க," என்றான் வால்தேமார். நேர்மையான ஆள். "பெருசு கழுத்த இழுக்கும். தூரத்துல இழுக்கும்போது கை ஆடினா படமும் ஆடும்."

"அதான் நானும் சொல்றேன்," என்றாள் நோர்மா. "சின்னத வாங்கு, பையில போடு, மிச்சத்துக்குப் பல்லக் கட்டு. எதுக்குடி உனக்குக் காமிரா? நம்ம பறவைக் கூட்டத்துல அனிபால் எடுக்குற படமெல்லாம் நமக்குத்தானே வருது. நான் வேணும்னா தனியா உனக்கு அனுப்பறேன்."

"வெயில்ல திரை தெரியாது," என்றாள் ஹெர்மினியா.

அது உண்மைதான். வெயிலில் யாருக்குமே திரை தெரியாது. இந்த மாதிரி எல்லோருக்கும் பொருந்தும் உண்மைகளாகப் பொறுக்கி எடுத்துத்தான் ஒரு வருஷமாக அவள் காலம் தள்ளினாள். மாலையில் வண்டி ஓட்டாததற்கு எதிர் விளக்குகள் கூசுகின்றன என்பாள். பஸ்ஸின் எண் தெரியாவிட்டால் இந்த அரசாங்கம் எண்ணைக்கூட ஒழுங்காக எழுதாது என்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் ஆமாம் ஆமாம் என்று அரசாங்கத்தைத் திட்டுவார்கள்.

வலது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, இடதும் அதே வழியில் போகிறது, ஓரம் மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டம் போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, குளிர்பெட்டிமேல் ஒட்டித் தினம் ஒருதரம் பார்க்கச் சொன்னார். கோடுகள் வளைந்தால் வந்து சொல்லவேண்டுமாம். கோடுகள் வளைந்தன, பிறகு உடைந்தன, பிறகு நடுவில் நாலு கட்டத்தைக் காணோம். அவள் போய்ச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷம் பத்திரங்களில் பிழை பார்த்தவள். நாற்பது மீட்டர் பதினாலு மீட்டர் ஆகி, ஒருவன் கொல்லை இன்னொருவன் வீட்டுக்குள் போய்விடாமல் காப்பாற்றியவை அந்தக் கண்கள்தான். வக்கீல்கள் அவள் மேஜையைத் தாண்டும்போது சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அதைவிட அவளுக்குப் பெரிது சனிக்கிழமை. ஓய்வுபெற்ற மறுமாதமே நோர்மா அவளை அனிபாலின் பறவைக் கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். அனிபால் முன்பு நெடுந்தூரப் பஸ் ஓட்டியவர், இப்போது ஒரு பழைய வேனும் பெரிய லென்ஸும் வைத்திருப்பவர். அவரோடு எத்கார், எத்காரின் மனைவி சுல்மா. மொத்தம் ஐந்து பேர்; மரியாதைக்கு டான், டோன்யா என்று அழைத்துக்கொள்வார்கள். விடியலில் வேன் ஏறி ஏதாவது ஓடைக்கரைக்குப் போவார்கள். வெயில் ஏறியதும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரே குவளையில் குளிர்ந்த தெரெரே மூலிகை நீரைச் சுற்றவிட்டு, சிப்பா ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி அன்றைய பட்டியலைப் போடுவார்கள். அதில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மட்டும் பார்த்த பறவை பட்டியலில் ஏறாது. "நானும் பாத்தேன்" என்று இன்னொருவர் சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அங்கே நடந்த சண்டைகளை வைத்து ஒரு நீதிமன்றமே நடத்தலாம். ஒரு வாலின் நுனி வெள்ளையா மஞ்சளா என்று எத்காரும் ஹெர்மினியாவும் மூன்று வாரம் பேசாமல் இருந்ததுண்டு. கடைசியில் அவள் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. ஹெர்மினியா சொன்னால் எழுதிக்கொள்ளலாம் என்பது அந்த வேனில் வழக்காகிவிட்டது.

முன்பு ஆறாவதாக ஃபெலிசியானோ என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் காது போயிற்று. கேட்காத குரல்களைக் கேட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். நானும் கேட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரையும்விடக் கறாராகத் தலையை ஆட்டி மறுத்தவள் ஹெர்மினியாதான். அவரை வரவேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வேன் புறப்படும் நேரத்தை அவரிடம் சொல்ல மறந்தார்கள். ஒரு சனிக்கிழமை மறந்தார்கள், பிறகு எல்லாச் சனிக்கிழமையும் மறந்தார்கள். கண் விஷயம் வெளியே வந்தால் தனக்கும் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமையை எடுத்துவிட்டால் அவள் வாரத்தில் மிச்சம் இருப்பது ஆறு நாள் தொலைக்காட்சிச் சத்தம்தான்.

ஆனால் விசித்திரமாக, இந்த ஒரு வருஷம் எல்லாம் நன்றாகவே போயிற்று. நிழலையும் அசைவையும் ஓரக்கண்ணால் பிடித்து, இந்த ஓடையில் இந்த நேரத்தில் இதுதான் இருக்கும் என்ற பழைய கணக்கில் அவள் பெயரைச் சொல்வாள். உடனே யாராவது நானும் பாத்தேன் என்பார்கள். எத்கார்கூடச் சண்டைக்கு வருவதில்லை. கண் போனாலும் அனுபவம் போகவில்லை என்று அவள் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டாள். போன மாதம் அதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல உருத்தாவு கிடைத்தது. உருத்தாவு பகலில் மரக்கட்டை ஆகிவிடும் பறவை. மொட்டைக் கிளையின் முனையில் அலகை வானத்தைப் பார்த்து நீட்டி, கண்ணை மூடி, பட்டையின் நிறத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். பத்தடி தூரத்தில் நின்றும் பார்க்காமல் போனவர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தின் பட்டியலில் அது அதுவரை இல்லை. ஓடையின் வளைவில் பழைய வேலிக் கம்பம் ஒன்றின் உச்சியில், கம்பத்தைவிட ஒரு முழம் கூடுதலாக ஏதோ நிமிர்ந்திருப்பதை ஹெர்மினியாதான் கண்டுபிடித்தாள். பைனாகுலரில் சாம்பல் கலங்கலாக, தோளும் தலையுமாகத் தெரிந்தது. உருத்தாவு, என்றாள். இரண்டு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நோர்மா, நானும் பாத்தேன் என்றாள். அனிபால் எழுதினார். அன்று தெரெரே குவளை முதலில் அவளிடம் வந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் அவள் காமிரா என்று முடிவு செய்தாள். அந்தப் பறவையைத் தன் கண்ணாலேயே ஒருதரம் சரியாகப் பார்த்துவிடவேண்டும். அதன் மூடிய கண் இமையில் இரண்டு வெட்டு இருக்குமாம், அதன் வழியே கண்ணைத் திறக்காமலே உலகத்தைப் பார்க்குமாம். அதைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு இருக்கிற பார்வை எங்கேயாவது போகட்டும்.

"உருத்தாவு ஒரே எடத்துல நாலு மாசம்கூட இருக்கும்," என்று அவள் கடையில் வைத்து நோர்மாவிடம் சொன்னாள். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கம்பத்த விடாது. அதுக்குள்ள எடுத்துடணும்."

நோர்மா மேஜைமேல் இருந்த சோப்புப் பெட்டிக் காமிராவைத் தள்ளித் தள்ளி நேராக வைத்தாள். "போயிருக்கும்டி அது. காத்து மழன்னு எத்தன நாளாச்சு."

"போயிருந்தா போகட்டும். இதையே கட்டுப்பா," என்றாள் ஹெர்மினியா, வால்தேமாரைப் பார்த்து.

காமிராவின் அட்டைப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள். புதுச் சாமானைப் பெட்டியோடு கொண்டுபோனால் சுங்கத்தில் கேள்வி வரும். புதுச் செருப்பென்றால் போட்டுக்கொண்டு போகவேண்டும், புதுக் காமிரா என்றால் கழுத்தில் மாட்டி, பழக்கப்பட்ட முகத்தோடு நிற்கவேண்டும். வெளுத்த வார் இதற்கு வசதியாகப் போயிற்று. ரயில் பாலத்தில் ஏறியதும், உள்ளே நாலு படம் இருந்தால்தான் பழசு என்று நம்புவார்கள் என்று ஹெர்மினியா ஆற்றை ஒரு படமும் நோர்மாவை மூன்று படமும் எடுத்தாள். துளைக்குள் நோர்மாவின் முகம் பெரிதாக வந்தது. ஒரு வருஷமாக நோர்மா என்றால் ஒரு குரல், ஒரு சிவப்புக் கம்பளி, நடுவில் ஒரு பொட்டு. இப்போது அந்த முகத்துக்கு வயதாகியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. சிரி என்றதற்கு நோர்மா சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் அந்த முகம் அழப்போவதுபோல் இருந்ததையும் ஹெர்மினியா பார்த்தாள். பாலத்தின் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வேனில் எல்லோரும் காமிராவைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நல்ல சரக்கு என்றார் எத்கார். கனமும் பிடியும் சரியாக இருக்கிறது என்றார் அனிபால். ஆனால் ஓடைப் பக்கம் சேறாக இருக்கும், இன்று மேட்டுப் பக்கம் போகலாம் என்றார்.

"மூணு நாளா வெயிலு, டான் அனிபால். எங்கேர்ந்து சேறு?"

"அதுக்கில்ல, டோன்யா ஹெர்மி. மேட்டுப் பக்கம் நமக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருக்கும். புதுக் காமிராவுக்கு அதுதான் நல்லது."

"எனக்கு முட்டி வலிக்குது," என்றாள் சுல்மா, யாரும் கேட்காமலே.

ஹெர்மினியா சிரித்தாள். அவள் கண்டுபிடித்த பறவையைத் தாங்கள் முதலில் பார்க்காமல் போனதில் இவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை என்று நினைத்தாள். அந்தப் பொறாமை அவளுக்குப் பிடித்திருந்தது. ஓடைக்குத்தான் போகவேண்டும் என்று சின்னப் பெண்போல் அடம்பிடித்தாள். பஸ் ஓட்டிய பழக்கத்தில் எப்போதும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டும் அனிபால், அன்று வழி நெடுக ஒன்றும் முணுமுணுக்கவில்லை.

வளைவுக்கு வந்ததும் கம்பம் அங்கேயே இருந்தது. அதன் உச்சியில் அந்தச் சாம்பல் தோளும் தலையும் அங்கேயே இருந்தன. மற்றவர்களைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, ஒரு மரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு முழங்கையையும் விலாவில் ஊன்றினாள். கை ஆடக்கூடாது. துளையில் கண்ணை வைத்து நெம்புகோலைத் தள்ளினாள். லென்ஸ் முனகிக்கொண்டு நீண்டது. இலை, வானம், மறுபடி இலை, பிறகு கம்பம். ஏறி ஏறி உச்சிக்கு வந்தாள். எல்லாம் பஞ்சாகக் கலங்கி, முன்னும் பின்னும் அலைந்து, சட்டென்று தெளிந்தது. அவள் பார்வையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டாள்.

மரம். முறிந்து சாய்ந்த கட்டை. நார் நாராகப் பிளந்த முனைதான் அலகு. ஒரு பக்கம் பூசணம் பூத்து வெளுத்திருந்தது, அதுதான் தோள். மார்பு இருக்கவேண்டிய இடத்தில், வேலிக் கம்பியைப் பிடிக்க அடித்த ஆணி ஒன்று துருப்பிடித்து, கீழே ஒரு சிவப்புக் கோடு வழிந்திருந்தது. அவள் இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் பார்த்தாள். ஆணி போகவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உருத்தாவு தேடுகிற எவரும் வாழ்க்கையில் ஒருதரமாவது கட்டையைப் பார்த்து ஏமாறுவதுதான். அனிபாலே ஒரு கரையான் புற்றை அரை மணி நேரம் படம் எடுத்தவர். ஏமாந்துட்டோம்டி நோர்மா, மரக்கட்டைக்கு நீயும் சாட்சி சொல்லிட்டியே என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அதே எடத்துல இருக்கு பாரேன்," என்றாள் நோர்மா, அவள் தோளுக்குப் பின்னால். பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்த குரல். "கொஞ்சம்கூட அசையல. வயித்துப் பக்கம் கோடு கோடா நல்லாத் தெரியுது."

"இன்னிக்குத் தலய இன்னும் தூக்கி வச்சிருக்கு," என்றாள் சுல்மா.

அனிபாலின் பெரிய லென்ஸ் படபடவென்று அடித்தது. அந்த லென்ஸில் ஆணியின் தலை தெரியும். துருவின் பொருக்குகூடத் தெரியும். எத்கார், ஒரு வால் நுனிக்காக மூன்று வாரம் பேசாமல் இருந்த எத்கார், "அற்புதம், டோன்யா ஹெர்மி. உங்க கண்ணே கண்ணு," என்றார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். காமிராவை இறக்கவில்லை, இறக்கினால் திரும்பி அவர்களைப் பார்க்கவேண்டும். அந்த ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக அவள் முன் வந்து நின்றன. மார்ச்சில் அவள் சொன்ன தங்கநிறப் பருந்து. ஈஸ்டருக்கு முந்தின வாரம் சொன்ன மூன்று மரங்கொத்திகள். குளிர்காலத்தில், தண்ணீர் நடுவில், வெள்ளைக் கொக்கு. நானும் பாத்தேன், நானும் பாத்தேன், நானும் பாத்தேன். அதில் எத்தனை பிளாஸ்டிக் பை, எத்தனை காய்ந்த இலை, எத்தனை ஒன்றுமே இல்லை என்று இனி அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. வேனில் அவள் ஏறுவதற்கு முன்னால் இவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதுகூட அவளுக்குக் கேட்டது. பாவம், இருக்கிறவரைக்கும் இருக்கட்டும். ஃபெலிசியானோவிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னோம், அவரை ஆளாக மதித்துச் சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. சாவதற்கு முன்பே தனக்குக் காரியம் செய்து முடித்துவிட்டு, அதைத் தன்னிடம் மட்டும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று தோன்றியது. இவர்கள்மேல் கோபப்பட வழி இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். இவர்கள் செய்ததெல்லாம் அன்பு. அந்த அன்பில் அவள் எங்குமே இல்லை.

"ஹெர்மி, தெரியுதாடி?" நோர்மாவின் குரல் மிகவும் மெதுவாக வந்தது.

தெரியவில்லை என்று சொல்லலாம். கட்டை என்று சொல்லலாம். சொன்னால் நாலு பேரும் தலையைக் குனிந்து நிற்பார்கள். திரும்பிப் போகும் வழி முழுக்க வேனில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இருக்காது.

"கண்ண மூடித் தூங்குது," என்றாள் ஹெர்மினியா.

பின்னால் யாரோ மூச்சை விட்டார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். காமிரா படம் எடுத்தது, மறுபடி எடுத்தது.

அப்போது துளைக்குள் மஞ்சளாக ஏதோ பாய்ந்தது. மார்பெல்லாம் மஞ்சள், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, எந்த வீட்டு மதில்மேலும் கத்திக்கொண்டிருக்கும் சாதாரணப் பெந்தெவேயோ குருவி. நேராக வந்து உருத்தாவின் தலைமேல் உட்கார்ந்தது. அதன் அலகில் ஒரு பெரிய வண்டு, காலை உதைத்துக்கொண்டு. அது கழுத்தை ஒடித்து, வண்டை அந்தத் தலைமேல் ஓங்கி அடித்தது. டொக். கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் டொக். ஓடைக்கு இந்தப் பக்கம் வரை மரத்தின் ஓசை தெளிவாக வந்தது.

எந்தப் பறவை வந்தாலும் பெயரைக் கூவும் அந்த நாலு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அனிபாலின் லென்ஸ் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஹெர்மினியா முழங்கையை விலாவோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். வண்டின் ஓடு உடைந்து, ஒரு பச்சைச் சிறகு பிய்ந்து, காற்றில் சுழன்று, ஆணியின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.